ஆமை முட்டை குஞ்சு பொரிக்கலையா? மெட்ராஸ் வெயில்ல எங்க தப்பாகுது, எப்படி சரி பண்றது

ஆமை முட்டை இன்குபேஷன், அதாவது முட்டைய பொட்டில வெச்சு சூடு குடுத்து பொரிக்க வெக்கறது பத்தி நெட்ல கிடைக்கற கைடு முக்காவாசி குளிர் ஊர்க்காரங்க எழுதினது, அதுல பூரா முட்டைய எப்படி சூடா வெச்சுக்கறதுங்கறதுதான் பேச்சு. நம்ம ஊர்ல கதை வேற. சென்னைல முட்டை வீணா போறது குளிர்ல இல்ல, சூட்டுலதான். ஹீட்டர் ஆஃப்ல இருக்கும், ஆனா ரூமே 35 டிகிரில கொதிச்சுட்டு இருக்கும், தெர்மோஸ்டாட்டுக்கு ஹீட்டர ஆன் ஆஃப் பண்ணத்தான் தெரியுமே ஒழிய ரூம குளிர வெக்க தெரியாது. இத மனசுல வெச்சுக்கிட்டு உங்க முட்டைல என்ன அறிகுறி தெரியுதோ அந்த தலைப்புக்கு போங்க. முட்டை வெக்கறதுக்கு முன்னாடியே முழுசும் படிச்சுட்டா இன்னும் நல்லது.

நான் இங்க சொல்றது சல்காட்டா ஆமை முட்டைக்கு. ரெட் ஃபுட் ஆமைக்கும் பெரும்பாலும் பொருந்தும், அதுக்கு நாள் மட்டும் கூட ஆகும். நம்ம நட்சத்திர ஆமைக்கு இது இல்லவே இல்ல. அது 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வர்ற காட்டு உயிர், வீட்டுல வெச்சுக்கறதே குற்றம், 2019ல சைட்டிஸ்ங்கற காட்டு உயிர் வியாபாரத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தத்தோட முதல் பட்டியலுக்கும் ஏத்திட்டாங்க. யாராவது குடுத்தாலோ தோட்டத்துல கிடைச்சாலோ வனத்துறைக்கு ஒரு போன், அவ்ளோதான். சல்காட்டா ஆப்பிரிக்கால சஹாரா பாலைவனத்தோட தெக்கு ஓரத்துல இருக்கற ஆமை, வெளிநாட்டு இனம், அதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணி வெச்சிருக்கணும், 2024ல வந்த விதிப்படி குஞ்சு பொரிச்சாலும் அத சொல்லணும். பதிவு இல்லாம இருக்கறவங்க முட்டைக்கு முன்னாடி அந்த வேலைய முடிங்க.

நம்பர் எல்லாம் ஒரே இடத்துல சொல்லிடறேன். வெப்பம் 29ல இருந்து 31 டிகிரி, சென்னைக்கு 30ல செட் பண்ணி விட்டுடுங்க. குளிர்ந்த பக்கம் 28, 29ல பெரும்பாலும் ஆண் குஞ்சு, 31, 32ல பெரும்பாலும் பெண் குஞ்சு, அதனால எல்லாரும் பெண் வேணும்னு 32ல வெக்க ஆசப்படறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். 32ல வெச்சிருக்கும்போது ஏசி நின்னா ஒரு மத்தியானத்துல 35 தாண்டிடும். 30ல வெச்சா தப்பிக்க கொஞ்சம் இடம் இருக்கும். ஈரப்பதம் முட்டை இருக்கற டப்பாக்குள்ள (இன்குபேட்டர் பாக்ஸ்க்குள்ள வெக்கற சின்ன டப்பா) 75, 80 சதவீதம். நாள் கணக்கு சுமாரா 85ல இருந்து 120 வரைக்கும். முட்டைய திருப்பவே கூடாது. இந்த கடைசி வரி கோழி முட்டை வெச்சு பழகினவங்களுக்கு.

ஆமை குழி தோண்டுது தோண்டுது, முட்டை மட்டும் போடல

ரெண்டு மூணு இடத்துல தோண்டி பாத்துட்டு விடறது சகஜம், மண்ணு ரொம்ப கெட்டியா இருந்தாலோ ஆழம் இல்லாட்டியோ அதுக்கு பிடிக்காது. தண்ணி ஊத்தி மண்ண இளக்கி விடுங்க, ஒன்ற ரெண்டு அடி ஆழம் தோண்ட விடுங்க, பக்கத்துல நின்னு வேடிக்க பாக்காதீங்க. ஆனா வாரக்கணக்குல அமைதி இல்லாம சுத்திட்டு, சாப்பாட்டையும் விட்டு, பின்னங்கால் இழுத்து நடந்தா முட்டை உள்ள மாட்டிருக்கலாம். அப்ப வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், வேப்பேரி மெட்ராஸ் வெட்னரி காலேஜுக்கோ ஊர்வன பாக்கற டாக்டர்கிட்டயோ கூட்டிட்டு போய் எக்ஸ்ரே எடுங்க, சல்காட்டா முட்டைக்கு சுண்ணாம்பு ஓடு இருக்கறதால எக்ஸ்ரேல தெளிவா தெரியும்.

எடுக்கும்போது முட்டை உருண்டுடுச்சு, எது மேல் பக்கம்னே தெரியல

போட்டு சில மணி நேரம்தான் ஆகுதுன்னா பதறாதீங்க. கரு இன்னும் ஓட்டோட ஒட்டியிருக்காது. சுமாரா ஒரு நாள் தாண்டினா கரு மேல் பக்கமா ஏறி உள்ள ஒட்டிக்க ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் தலைகீழா திரும்பினா மஞ்சள் கரு மேல வந்து அழுத்தி கரு செத்துப்போக வாய்ப்பு இருக்கு. அதனால முட்டை போட்ட அன்னிக்கே எடுங்க, குழிய ஓரத்துல இருந்து கையாலயே மெதுவா மண்ண தள்ளி, ஒவ்வொரு முட்டை தலைலயும் பென்சிலால ஒரு புள்ளி வெச்சுட்டு அப்புறம் தூக்குங்க. ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் வேண்டாம், ஓடுல நுண்ணிய துளை இருக்கு, மை உள்ள போகும்.

பெசன்ட் நகர், நீலாங்கரை பீச்சுல ஜனவரில இருந்து ராத்திரி ராத்திரி நடந்து பங்குனி ஆமைங்கற கடலாமையோட முட்டைய ஹேச்சரிக்கு, அதாவது பாதுகாப்பான பொரிப்பிடத்துக்கு மாத்தற தன்னார்வலர்களும் இதேதான் பண்றாங்க, கிடைச்ச சில மணி நேரத்துக்குள்ள மாத்திடணும், உருட்டக்கூடாது, குலுக்கக்கூடாது. மாணவர் கடலாமை பாதுகாப்பு குழு 1988ல இருந்து இத செஞ்சுட்டு இருக்கு. சீசன்ல ஒரு தடவ அவங்ககூட நடந்து போய் பாத்துட்டு வாங்க, முட்டைய கைல எப்படி பிடிக்கணும்னு அங்க கத்துக்கற மாதிரி எங்கயும் கத்துக்க முடியாது.

குழப்பமா உருண்ட முட்டை உங்ககிட்ட ஏற்கனவே இருந்தா, ஓட்டுல எங்கயாவது சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பளிச்னு ஒரு வெள்ளை திட்டு இருக்கான்னு பாருங்க. அது கருவுக்கு நேர் மேல வர்றது, அந்த பக்கத்த மேல வெச்சுடுங்க. திட்டு இல்லன்னா இப்ப எப்படி இருக்கோ அப்படியே விடுங்க, திரும்பவும் திருப்பறதுல லாபம் இல்ல.

டிஸ்ப்ளேல 33, 34 காட்டுது, ஹீட்டர் ஆஃப்ல இருக்கு, இறங்கவே மாட்டேங்குது

இதுதான் நம்ம ஊர் நோய். சல்காட்டா பெரும்பாலும் மழை முடிஞ்சு குளிர் மாசத்துல முட்டை போடும், ஜனவரி கடைசில போட்டா கணக்கு போட்டு பாருங்க, கடைசி மாசம் நேரா ஏப்ரல், மே, அக்னி நட்சத்திரத்துல போய் விழும். குஞ்சு முழுசா வளந்து உள்ள ஆக்சிஜன் ஜாஸ்தி தேவைப்படற நேரத்துலதான் வீடு பூரா அடுப்பாகி நிக்கும். முட்டை வெக்கும்போது ஜனவரி ராத்திரிய பாத்து பெரிய ஹீட்டர் வாங்கறவங்க இந்த கணக்க யோசிக்கறதே இல்ல.

முதல்ல இடத்த மாத்துங்க. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம் வேண்டவே வேண்டாம், பகல் பூரா காங்க்ரீட் இழுத்து வெச்ச சூட்ட ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் கீழ விட்டுட்டே இருக்கும். மேற்கு பாத்த சுவரும் அப்படித்தான். கீழ் தளம், வடக்கு பக்க ரூம், கட்டிலுக்கு அடில, தரையோட ஒட்டி, இது மாதிரி இடத்துல வெச்சாலே ரெண்டு மூணு டிகிரி குறையறத பாக்கலாம். அலமாரி மேல் தட்டுல வெச்சவங்க உடனே கீழ இறக்குங்க.

அதுக்கப்புறமும் இறங்கலன்னா ஏசி ரூம்தான் ஒரே நம்பகமான வழி. ஏசிய 26, 27ல விட்டு, அந்த ரூம்ல தெர்மோகோல் பாக்ஸ் வெச்சு, பாக்ஸ்க்குள்ள சின்ன ஹீட்டர் 30க்கு தூக்கி பிடிக்கற மாதிரி பண்ணணும். அதாவது இன்குபேட்டர சுத்தி எப்பவும் அத விட ரெண்டு மூணு டிகிரியாவது குளிர்ச்சியா இருக்கணும், அப்பதான் தெர்மோஸ்டாட் கைல கண்ட்ரோல் இருக்கும். எல்லா மாசமும் பகல் பூரா ஏசி ஓட்ட முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஈபி பில் எல்லாருக்கும் வருது. அதனால பகல் 11 மணில இருந்து சாயங்காலம் 5, 6 மணி வரைக்கும் மட்டும் ஓட்டுங்க, மெட்ராஸ்ல பகல்தான் எமன், கடல்காத்து உள்ள வந்தப்புறம் கொஞ்சம் தணியும்.

பாக்ஸ்க்குள்ள தண்ணி நிரப்பின பாட்டில் நாலஞ்சு வெச்சுடுங்க, ஐஸ் இல்ல, சாதா தண்ணி. வெப்பம் டக்குனு ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. ரிப்பேரான பழைய ஃப்ரிட்ஜ் பாடி கிடைச்சா அதுதான் தெர்மோகோல் பாக்ஸ விட பத்து மடங்கு நல்லது, பழைய சாமான் கடைல சொல்லி வெச்சா கிடைக்கும், கம்ப்ரஸர கழட்டிட்டு வெறும் பொட்டியா பயன்படுத்தலாம்.

ஃபேன் வெச்சா குறையும்னு சிலர் சொல்றாங்க. குறையாது. ரூம் 35ல இருந்தா ஃபேன் 35 டிகிரி காத்தத்தான் உள்ள தள்ளும், கூடவே ஈரத்தையும் உறிஞ்சிட்டு போயிடும்.

அவசரத்துக்கு, அதாவது 34 தாண்டிடுச்சு ஏசியும் இல்லன்னா, மூடிய லேசா திறந்து வெச்சு, ஐஸ் வெச்ச பாட்டில துண்டுல சுத்தி பாக்ஸ் ஓரத்துல வைங்க, முட்டை டப்பாவ தொடக்கூடாது. அர மணிக்கு ஒரு தடவ பாத்து 31க்கு வந்ததும் எடுத்துடுங்க. மணிக்கணக்குல 35, 36ல நின்னா கரு தாங்காது, தாங்கினாலும் குஞ்சோட முதுகு ஓட்டுல இருக்கற கட்டம் கோணலா வரும்.

வெப்பம் 28க்கும் 32க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கு

ரிச்சி ஸ்ட்ரீட்ல டபிள்யூ 1209னு ஒரு சின்ன தெர்மோஸ்டாட் போர்டு கிடைக்கும், பாதி பேர் அதத்தான் போட்டிருப்பீங்க. அது கடைல இருந்து வரும்போதே பி1 செட்டிங் 2 டிகிரில இருக்கும், அதாவது ரெண்டு டிகிரி இறங்கினாதான் ஹீட்டர் ஆன் ஆகும். அத 0.3, 0.5க்கு குறைங்க. பி0 சூடு பண்ற மோட்ல, ஹெச் எழுத்துல இருக்கான்னும் பாத்துக்கோங்க, மாறி சி மோட்ல இருந்தா சூடாகும்போது ஹீட்டர் ஆன் ஆகி முட்டை வெந்தே போயிடும்.

சென்ஸார் நுனி எங்க இருக்குங்கறது அத விட முக்கியம். ஹீட்டர் மேல படற மாதிரி இருந்தா ஹீட்டர் சூட்டத்தான் காட்டும், மூடிக்கு பக்கத்துல தொங்கினா மேல் காத்த காட்டும். முட்டை டப்பாக்குள்ள, முட்டை பாதி உயரத்துக்கு, வெர்மிகுலைட்ட (முட்டைக்கு அடில போடற, ஈரத்த பிடிச்சு வெச்சுக்கற லேசான கனிமத் துகள்) தொட்ட மாதிரி வைங்க.

ஹீட்டருக்கு குண்டு பல்ப் போட்டிருந்தா மாத்துங்க, ஒரு இடத்துல மட்டும் சூடு, ஈரமும் காஞ்சுடும். ஹீட் மேட், ஹீட் கேபிள் எதுன்னாலும் வாட்ஸ் கம்மியா இருக்கறத எடுங்க. காரணம், இந்த தெர்மோஸ்டாட் போர்டுல ஹீட்டர ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச், அதாவது ரிலே, சில நேரம் ஆன்லயே ஒட்டிக்கும், அப்ப ஹீட்டர் நிக்காம ஓடும். சின்ன ஹீட்டரா இருந்தா முழுக்க ஓடினாலும் சுத்தி இருக்கறத விட நாலஞ்சு டிகிரிதான் ஏத்தும். முடிஞ்சா ரெண்டாவது தெர்மோஸ்டாட் ஒண்ண 32ல செட் பண்ணி அதே லைன்ல தொடரா போட்டுடுங்க, முதல்ல உள்ளது மாட்டினாலும் ரெண்டாவது வெட்டிடும். 230 வோல்ட் வயரிங் தெரியாதவங்க எலக்ட்ரீஷியன கூப்பிட்டே பண்ணுங்க, உள்ள எப்பவும் ஈரம் இருக்கற பொட்டி இது.

டிஸ்ப்ளே சரியாத்தான் காட்டுது, ஆனா போன தடவ எல்லா முட்டையும் போச்சு

மீட்டர நம்பாதீங்க. ஐஸ் கட்டிய நல்லா நுணுக்கி கொஞ்சம் தண்ணி விட்டு ரெண்டு நிமிஷம் கலக்குங்க, அதுல சென்ஸார விட்டா 0 காட்டணும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில வீட்டு காய்ச்சல் தெர்மாமீட்டரையும் சென்ஸாரையும் சேத்து விட்டு 36, 37 கிட்ட ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா டபிள்யூ 1209ல பி4 செட்டிங்ல திருத்திக்கலாம். ஆமை முட்டைக்கு ஒரு டிகிரி சின்ன விஷயம் இல்ல, ஆணா பெண்ணான்னே அதுதான் முடிவு பண்ணுது. ஈரப்பதம் காட்டற சின்ன கருப்பு மீட்டர்கள அத விட கம்மியா நம்புங்க, அது பத்து சதவீதம் கூட தப்பா காட்டும்.

கரண்ட் போயிடுச்சு

டிசம்பர், ஜனவரில போனா: நம்ம ஊர் வீட்டுக்குள்ள ராத்திரி 24க்கு கீழ போறது அபூர்வம். மூடியிருக்கற தெர்மோகோல் பாக்ஸ்க்குள்ள சில மணி நேரம் 25, 26க்கு இறங்கினா வளர்ச்சி மெதுவாகும், அவ்ளோதான், கொஞ்சம் லேட்டா பொரிக்கும். பாக்ஸ திறந்து திறந்து பாக்காதீங்க, மேல ஒரு போர்வைய போத்தி விடுங்க. ஆனா மொத்தமா ரெண்டு மூணு நாள் போற நிலைமையும் இங்க வரும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப பல ஏரியால நாள் கணக்குல கரண்ட் இல்ல, 2023 மிக்ஜாம் புயல்ல கீழ் தளம் பூரா தண்ணி. மழைக்காலத்துல முட்டை வெச்சிருந்தா தரைல வெக்காம ஒரு மேசை மேல ஏத்திடுங்க (வெயில் காலத்துக்கு நான் மேல சொன்னதுக்கு நேர் எதிர்), வெந்நீர் பாட்டில துணில சுத்தி உள்ள வெச்சு சமாளிக்கலாம்.

மே மாசம் போனா: அப்பதான் நிஜமான ஆபத்து, ஏன்னா நின்னது ஹீட்டர் இல்ல, ஏசி. ஹீட்டர இன்வெர்ட்டர் லைன்ல போட்டு பெருமைப்பட்டுட்டு ஏசி நின்னத மறந்துடக்கூடாது. மூடிய திறங்க, டப்பாவ வீட்டுலயே குளிர்ச்சியான தரைக்கு, குலுக்காம, மட்டமா தூக்கிட்டு போங்க. ஃப்ரீஸர்ல ரெண்டு தண்ணி பாட்டில் எப்பவும் ரெடியா இருக்கட்டும்.

கோழி இன்குபேட்டர் இருக்கு, அதுல வெக்கலாமா

வெக்கலாம், ஆனா அது 37.5 டிகிரில செட் ஆகி வரும், அத 30க்கு மாத்தணும். தானா திருப்பற டிரேய கழட்டி வெளிய வெக்கணும். உள்ள இருக்கற ஃபேன் முட்டை மேல நேரா அடிக்காம இருக்க முட்டைய மூடி போட்ட டப்பால வெச்சு அந்த டப்பாவ உள்ள வைங்க. சில மலிவு மாடல்ல 35க்கு கீழ செட்டே பண்ண முடியாது, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

ஓட்டுல விரிசல் விழுந்திருக்கு

ரெண்டு காரணம். ஒண்ணு, குழில ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பட்ட அடி, இது முதல் நாளே தெரியும். உள்ள இருக்கற சவ்வு கிழியல, கசியலன்னா அந்த முட்டைய தூக்கி போடாதீங்க, வெள்ளை மெழுகுவர்த்தி மெழுக லேசா உருக்கி சூடு தணிஞ்சப்புறம் விரிசல் மேல மட்டும் மெல்லிசா பூசுங்க. அப்படி பூசின முட்டை பொரிச்சு வர்றது உண்டு.

ரெண்டாவது, நடுவுல தானா விழற விரிசல். இது ஈரம் ஜாஸ்தியானா வர்றது. முட்டை தண்ணிய இழுத்து உள்ள உப்பும், ஓடு கெட்டியா இருக்கறதால விரிய வழி இல்லாம வெடிக்கும். சென்னைல காத்துலயே ஈரம் இருக்கு, ஐப்பசி கார்த்திகைல சொல்லவே வேண்டாம், அதனால வெளிநாட்டு கைடுல சொல்ற எடைக்கு எடை தண்ணிங்கற கணக்கு இங்க கொஞ்சம் ஜாஸ்தி. 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 70, 80 கிராம் தண்ணி எனக்கு போதும்னு தோணுது. கைல பிடிச்சு அழுத்தினா உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக்கூடாது. சொட்டினா மூடிய திறந்து வெச்சு ஒரு நாள் ஆற விடுங்க, இல்லன்னா ஓரத்துல கொஞ்சம் எடுத்துட்டு காஞ்ச வெர்மிகுலைட் போடுங்க, முட்டைய அசைக்காம. மூடில தண்ணி முத்து முத்தா கட்டி முட்டை மேல சொட்டுதான்னும் பாருங்க, சொட்டினா டப்பாவ ஒரு பக்கம் லேசா சாய்ச்ச மாதிரி வெச்சா தண்ணி ஓரமா வழிஞ்சுடும்.

வெர்மிகுலைட், பெர்லைட் ரெண்டும் மாடித்தோட்ட சாமான் விக்கற நர்சரில கிடைக்கும். கோகோபீட் மலிவு, ஆனா உப்பு இருக்கும், பூஞ்சையும் சீக்கிரம் வரும், நான் அத சிபாரிசு பண்ண மாட்டேன்.

டார்ச் அடிச்சா மேல காலி இடம் பெருசாயிட்டே போகுது

உள்ள காத்து அறை கொஞ்சம் இருக்கறது இயல்பு. பாதி முட்டைக்கு மேல காலியா தெரிஞ்சா காஞ்சு போகுதுன்னு அர்த்தம். ஏசி ரூம்ல வெச்சவங்களுக்கு இது வரும், ஏசி காத்த உலர்த்திடும். முட்டை மேல தண்ணி தெளிக்காதீங்க. டப்பா ஓரமா வெதுவெதுப்பான தண்ணிய ஸ்பூன்ல விட்டு வெர்மிகுலைட் இழுக்கற மாதிரி பண்ணுங்க. வாரத்துக்கு ஒரு தடவ டப்பாவ முட்டையோட அப்படியே தராசுல வெச்சு எடை குறிச்சு வெச்சா எவ்ளோ தண்ணி குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சு அவ்ளோ மட்டும் ஊத்தலாம், இது யூகத்த விட ரொம்ப நல்ல வழி.

முட்டை மேல பூஞ்சை

வெள்ளையா, பச்சையா, சாம்பலா வரும். முதல்ல வர்றது பெரும்பாலும் கரு இல்லாத முட்டை மேலதான், உயிர் இருக்கற முட்டை ஓரளவு தாங்கிக்கும். காஞ்ச மெல்லிய துணியாலயோ பட்ஸாலயோ முட்டைய எடுக்காம அப்படியே துடைங்க. டெட்டால், மஞ்சத்தூள், வேப்பெண்ணெய் எதுவும் போடாதீங்க, ஓட்டு துளை வழியாத்தான் குஞ்சு மூச்சு விடுது, எண்ணெய் அத அடைச்சுடும். பூஞ்சை வந்த முட்டைய மத்ததுல இருந்து விரலளவு தள்ளி வெக்கற மாதிரி முதல்லயே இடம் விட்டு அடுக்கறதுதான் சரி. டப்பா மூடில நாலஞ்சு ஓட்டை போட்டு, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ ஒரு நிமிஷம் திறந்து காத்து மாத்துங்க.

மூணு வாரம் ஆச்சு, வெள்ளை திட்டு வரல, உள்ள ஒண்ணும் தெரியல

ராத்திரி லைட்ட அணைச்சுட்டு, சின்ன எல்இடி டார்ச்ச முட்டை பக்கவாட்டுல ஒட்டி வெச்சு, முட்டைய தூக்காம பாருங்க. மூணு நாலு வாரத்துல மெல்லிய சிவப்பு நரம்பு தெரியணும், அப்புறம் ஒரு இருட்டு பெருசாயிட்டே வரும். ஒரே மஞ்சளா, பளிச்னு இருந்தா கரு கூடாத முட்டையா இருக்கலாம். ஆனா 45 நாள் வரைக்கும் விட்டுடுங்க, இந்த ஓடு கெட்டி, டார்ச் ஏமாத்தும்.

எல்லாமே இப்படின்னா ஆண் இருக்கா, ரெண்டுக்கும் வயசும் அளவும் வந்திருக்கா, பெண்ணுக்கு கால்சியமும் வெயிலும் கிடைக்குதான்னு பாருங்க. முதல் தடவ போடற முட்டை பூரா வெத்தா இருக்கறது ரொம்ப சாதாரணம். ஆண் இல்லாம தனியா இருக்கற ஆமைதானேன்னு முட்டைய தூக்கி போட்டுடாதீங்க, எப்பவோ சேந்ததுல வந்த விந்த பெண் ஆமை வருஷக்கணக்குல உள்ள சேத்து வெச்சுக்கும்.

இங்க ஒண்ணு மனசு விட்டு சொல்லணும். ஒரு ஈட்டுல, அதாவது ஒரு தடவ போடறதுல, 15, 20 முட்டை வரும், வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட ஈடும் வரும். ஒவ்வொரு குஞ்சும் வளந்தா 40, 50 கிலோ, 50 வருஷத்துக்கு மேல வாழும். சென்னைல அத்தன ஆமைக்கு இடம் எங்க இருக்கு? யார் வளக்க போறாங்கன்னு தெரிஞ்ச எண்ணிக்கைக்கு மட்டும் வைங்க, நாலு போதும்னா நாலு. மீதிய போட்ட அன்னிக்கே, கரு வளர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஃப்ரீஸர்ல வெச்சுடுங்க. இது கொடுமை இல்ல, பின்னாடி அத யாரோ கோயில் குளத்துலயும் ஏரிக்கரைலயும் விட்டுட்டு போறதுதான் கொடுமை. சல்காட்டாக்கு நீந்த தெரியாது.

நாத்தம் அடிக்குது, முட்டை வேர்க்குது

ஓட்டுல சாம்பல் திட்டு, கசிவு, அழுகின வாடை, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் அந்த முட்டைய அன்னிக்கே எடுங்க. உள்ள வாயு கட்டி வெடிச்சா மத்த முட்டை மேல பூரா தெறிக்கும். பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு மெதுவா எடுங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க, வயித்துப்போக்கு வர வெக்கற சால்மொனெல்லா கிருமி இருக்கும். குழந்தைங்கள தொட விடாதீங்க. வாடை இல்லாத முட்டைய சந்தேகத்துல எடுக்காதீங்க.

110 நாள் ஆச்சு, ஒண்ணும் நடக்கல

காத்திருங்க. சராசரி 29க்கு கீழ இருந்திருந்தா 120ம் தாண்டும். ஒரே ஈட்டுல முதல் குஞ்சுக்கும் கடைசி குஞ்சுக்கும் ரெண்டு வாரம் வித்தியாசம் வர்றதும் உண்டு. டார்ச்ல முழுக்க இருட்டா, மேல மட்டும் கொஞ்சம் வெளிச்சமா தெரிஞ்சு, வாடை இல்லன்னா உயிர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஆசைல ஒண்ண உடைச்சு பாத்துட்டு உள்ள உயிரோட குஞ்சு மஞ்சள் கருவோட இருக்கறத பாத்தா அந்த வேதனை போகவே போகாது. ரெட் ஃபுட்டா இருந்தா 150 நாள் வரைக்கும் போகும்.

ஓட்டை போட்டுடுச்சு, அப்புறம் வெளிய வரல

குஞ்சு மூக்கு நுனில ஒரு சின்ன கூர் இருக்கும், அதால ஓட்ட குத்தும். குத்தினப்புறம் ஒரு நாள், ரெண்டு நாள், மூணு நாள் கூட உள்ளயே இருக்கும். மாட்டிக்கிட்டு தவிக்குதுன்னு நினைக்காதீங்க. வயித்துக்கு கீழ ஒட்டியிருக்கற மஞ்சள் கருவ உள்ள இழுத்துட்டு இருக்கு, மடிஞ்சு கிடந்த முதுகு ஓடு நேராயிட்டு இருக்கு. நீங்க முட்டை ஓட்ட உரிச்சு எடுத்தா ரத்த நாளம் கிழியும். ஈரப்பதத்த மட்டும் 80க்கு மேல வெச்சுக்கோங்க. மூணு நாள் தாண்டி, அசைவு குறைஞ்சு, சவ்வு காஞ்சு மூக்குல ஒட்டிக்கிட்டா மட்டும் வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச பட்ஸால மூக்க சுத்தி இளக்குங்க, அதுக்கு மேல டாக்டர் வேலை.

இந்த நேரத்துலதான் எறும்பு வரும். ஓட்டை விழுந்ததும் வர்ற ஈர வாடைக்கு சிவப்பு எறும்பு எங்க இருந்தாவது வந்துடும், ராத்திரியோட ராத்திரியா குஞ்ச கடிச்சு கொன்னுடும். பாக்ஸ் கால் நாலையும் தண்ணி கிண்ணத்துல வைங்க, பாக்ஸ்ல கால் இல்லன்னா ஒரு ஸ்டூல் மேல வெச்சு ஸ்டூல் கால தண்ணில விடுங்க. ஒயர் வழியாவும் ஏறும், ஒயர்ல வாஸ்லின் தடவுங்க. எறும்பு மருந்து, சாக்பீஸ் எதுவும் பக்கத்துல கூடாது.

வெளிய வந்துடுச்சு, வயித்துல மஞ்சளா பெரிய பை தொங்குது

கோலிக்குண்டு அளவுக்கு கீழ இருந்தா தானா உள்ள போயிடும். சின்ன கிண்ணத்துல ஈர டிஷ்யூ பேப்பர் போட்டு அதுல உக்கார வெச்சு, கிண்ணத்த அப்படியே இன்குபேட்டர்ல திரும்ப வைங்க, இருட்டா, அமைதியா. மண்ணுல விடாதீங்க, கிள்ளாதீங்க, நூல் கட்டாதீங்க. ரெண்டு மூணு நாள்ல சுருங்கும். பை உடைஞ்சாலோ பச்சையா மாறினாலோ உடனே டாக்டர்.

முதுகு ஓட்டுல கட்டம் கோணலா, ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு

நடுவுல எப்பவோ வெப்பம் ஏறியிருக்கு, பெரும்பாலும் அதுதான். குஞ்சு ஆரோக்கியமா சாப்பிட்டு நடந்தா கட்டம் கோணல் அதுக்கு ஒரு குறையே இல்ல, நல்லா வாழும். கண்ணு, தாடை, கால் கோணலா இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க.

குஞ்சு சாப்பிடவே மாட்டேங்குது

முதல் நாலஞ்சு நாள், சில நேரம் ஒரு வாரம் கூட சாப்பிடாது, உள்ள இழுத்த மஞ்சள் கருதான் அதுக்கு சாப்பாடு. தினமும் கழுத்துக்கு கீழ நிக்கற அளவு வெதுவெதுப்பான தண்ணில 15, 20 நிமிஷம் விடுங்க. அப்புறம் செம்பருத்தி இலை, பூ, அருகம்புல், மல்பெரி இலைய பொடிசா நறுக்கி வைங்க, மேல துளி கால்சியம் பவுடர். பால், ரொட்டி, முட்டைகோஸ் வேண்டாம். பாலைவன ஆமைதானேன்னு காஞ்ச தரைல வளத்தா முதுகு ஓடு மேடு மேடா ஆயிடும், காட்டுல குஞ்சு ஈரமான வளைக்குள்ளதான் நாள் பூரா கிடக்கும், அதனால முதல் ரெண்டு வருஷம் ஈரமும் சூடும் சேந்து இருக்கணும். காலை வெயிலுக்கு மொட்டை மாடில விட்டா மேல வலை போட்டு, பாதி நிழல் விட்டு, பக்கத்துலயே உக்காருங்க, காக்கா ஒரு நொடில தூக்கிட்டு போயிடும். பத்து நாள் தாண்டியும் வாயே திறக்கலன்னா, எடை குறையுதுன்னா டாக்டர பாருங்க. எல்லாம் நல்லபடியா போனா ஒவ்வொரு குஞ்சையும் போட்டோ எடுத்து, எடை போட்டு, பொரிச்ச தேதியோட எழுதி வெச்சு, தாய் ஆமையோட பதிவுல இத்தன குஞ்சுன்னு சேத்துடுங்க, வேற வீட்டுக்கு குடுக்கும்போது அந்த தாள் கூடவே போகணும்.